திமிங்கலம் வெங்காயம் கேட்ட கதை

— டப்பாவுக்குள்ள வச்சுப் பூட்டுங்கன்னு நீங்க சொன்னீங்க, நான் பூட்டுனேன். பூட்டுனது மட்டுமா? சாவிய அரிசிப் பானைக்குள்ள போட்டேன், பானையப் பரணுல ஏத்துனேன், பரணுக்கு ஏறுற ஏணியப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தானமாக் குடுத்துட்டேன். அப்பிடியிருந்தும் சாயந்தரம் நாலரை மணிக்கு எம் பேத்தி கையில போன் இருக்கு டீச்சர். சத்தியமாச் சொல்லுதேன், அது எப்பிடி வந்துதுன்னு இந்தச் சிலுவைக்குத் தெரியாது.

— ஏணியத் தானம் குடுத்துட்டா, சாவிய யாரு எடுத்தது சிலுவை தாத்தா?

— …நாந்தான். ஏணிய இரவல் வாங்கி.

— குடுத்த ஏணியவே இரவல் வாங்குனீங்களா?

— முதல்ல அவன் தர மாட்டேன்னுட்டான் டீச்சர், கெஞ்சித்தான் வாங்குனேன். 'எங்கிட்ட உள்ள ஒரே ஏணி இதுதான்'னு சொல்லுதான். எப்பிடி இருக்கு பாத்தியளா ஊரு!

— சரி, நிதானமா. எதுக்கு எடுத்தீங்க?

— பிள்ள முகம் வாடிப் போச்சுல்லா.

— வாயத் தொறந்து கேட்டாளா? 'போன் தாங்க தாத்தா'ன்னு ஆனி கேட்டாளா?

— கேக்கல. பாத்தா. அந்தப் பார்வைய நீங்க பாக்கணும். ராத்திரியில துறைமுகத்து லைட்டு சுத்தி வரும்லா, அது மாதிரி எம்மேல வந்து நின்னுச்சு. கல்லும் கரைஞ்சிரும். நான் என்ன கல்லா? முப்பது வருசம் தோணியில சோறு பொங்குன கை இது. ஆவிபட்டு ஆவிபட்டு உள்ளயும் வெந்து போயித்தான் கிடக்கேன்.

— மூணு வாரத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து என்ன சொன்னீங்க? 'ஏழு வயசாகுது, பென்சில் பிடிக்க மாட்டேங்கா, சட்டைப் பொத்தான் போடத் தெரியல, வகுப்புல தூங்கி விழுதா, ஒரு நாளைக்கி இருவத்தாறு மணி நேரம் போனும் கையுமா இருக்கா'ன்னு சொன்னீங்க.

— இருவத்தாறுங்கது கொஞ்சம் கூடத்தான். இருவத்தஞ்சுன்னு வச்சுக்கிடுங்க.

— சார்ட்ட எடுங்க. வீட்டுல யார் யார் எப்பெப்ப போனத் தொடுறீங்கன்னு குறிக்கச் சொல்லிக் குடுத்தேனே.

— குறிச்சிருக்கேன். ஒரு நிமிசம் விடாம. கவர்மெண்டு ஆபீசுல கூட இப்பிடி ஒரு பதிவு கிடையாது.

— நல்லாத்தான் குறிச்சிருக்கீங்க. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. ஆனி இங்க வந்தா ஒரு மணி நேரம் இருக்கா. ஊஞ்சல்ல ஆடுறா, மணல்பை தூக்கி அடுக்குறா, மண்தொட்டிக்குள்ள கைய விட்டு சோழி தேடி எடுக்குறா. விரலுக்குப் பலம் வந்துக்கிட்டு இருக்கு. போன வாரம் நாலு பொத்தான் அவளாப் போட்டா.

— நாலா! வீட்டுல வந்து நாப்பதுன்னு சொன்னா!

— அது உங்க வளர்ப்பு. ஆனா இந்த மூணு வாரத்துல ஒரு தடவ கூட எங்கிட்ட போன் கேக்கல. நேத்து வேணும்னே எம் போன்ல பொம்மப்படத்த ஓடவிட்டு அவ முன்னாடி வச்சேன். என்ன செஞ்சா தெரியுமா? குப்புறக் கவுத்தி வச்சுட்டு, களிமண்ண உருட்டப் போயிட்டா.

— அப்பம் குணமாயிட்டா!

— இது காய்ச்சல் இல்ல தாத்தா, மாத்திரை போட்டதும் குணமாக. போன் இல்லாம இருக்க முடியாத பிள்ள இங்கயும் இருக்க மாட்டா. ஆனி வீட்டுல மட்டுந்தான் எடுக்குறா. அதுவும் உங்க சார்ட்டப் பாருங்க. ரெண்டு நிமிசம், மூணு நிமிசம், மறுபடி ரெண்டு நிமிசம். நாள் பூரா தொட்டுத் தொட்டு வைக்கிறா. படம் பாக்குற பிள்ள ரெண்டு நிமிசத்துல கீழ வைக்காது. அவ என்ன பாக்குறா?

— பாக்கல டீச்சர்.

— பின்ன?

— கேக்கா. வாய்ஸ் மெசேஜ்.

— யாரோடது?

— அவ அப்பனோடதுதான். எம் மவன் ஜாக்சன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போற தோணியில தண்டலா இருக்கான். தண்டல்னா சும்மா இல்ல, அவன் கை காட்டுன பக்கந்தான் தோணி திரும்பும். தோணி என்ன, காத்தே திரும்பும்.

— இத ஏன் மூணு வாரமாச் சொல்லல?

— நீங்க கேக்கல.

— முதல் நாளே கேட்டேன். இந்தா ஃபாரம். அப்பான்னு இருக்குற எடத்துல ஒண்ணும் எழுதாம விட்டிருக்கீங்க.

— அன்னைக்கிக் கண்ணாடி கொண்டு வரல.

— அதுக்கு மேல் வரியில 'தாயார் இசபெல்லா, இறால் கம்பெனி, காலையில ஏழு மணிக்குப் போனா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவா'ன்னு முத்து முத்தா எழுதியிருக்கீங்க. கீழ் வரி வந்ததும் கண்ணாடி இல்லாமப் போச்சா? சரி, அத விடுங்க. ஜாக்சன் அனுப்புன மெசேஜ் ஒண்ணு போட்டுக் காட்டுங்க.

— போட வேண்டாம். நான் சொல்லுதேன். எல்லாம் எனக்கு மனப்பாடம். 'ஏளா ஆனிக்குட்டி, அப்பா பேசுதேன். நேத்து நடுக்கடல்ல ஒரு திமிங்கலம் வந்துச்சு. நம்ம பனிமய மாதா கோயிலவிட ரெண்டு முழம் நீளம் கூட. தோணிக்குப் பக்கத்துல தலையத் தூக்கி, அண்ணாச்சி, ரெண்டு கிலோ வெங்காயம் இருக்கா, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காவன்னு கேட்டுச்சு. தோணி நிறைய வெங்காயத்த ஏத்திக்கிட்டுப் போறவன் இல்லைன்னு சொல்ல முடியுமா? ஒரு மூட்டையத் தள்ளி விட்டேன். உரிச்சுக்கிட்டே போச்சு. கண்ணுல தண்ணி தாரதாரையா ஊத்துது. அதாம்ளா இந்தப் பக்கம் கடலு உப்புக் கூடிக் கிடக்கு.'

— அய்யோ தாத்தா! வயிறு வலிக்குது.

— சிரிங்க, சிரிங்க. இன்னொண்ணு இருக்கு, சுறாவுக்குப் பல்வலி வந்த கதை…

— தாத்தா.

— சொல்லுங்க.

— ஏணியத் தானமாக் குடுத்தவர்தான் திமிங்கலத்துக்கு வெங்காயமும் குடுத்திருக்கார்.

— அவன் எனக்குப் பொறந்தவன்லா. என் வாய்தான் அவனுக்கும்.

— ஜாக்சன் எங்க தாத்தா? சொல்லுங்க.

— கதவச் சாத்துங்க டீச்சர். பிள்ளைக்குக் கேக்கும்.

— ஆனி கடைசி அறையில, உதவிக்கு இருக்குற முருகேஸ்வரியோட ஊஞ்சல்ல இருக்கா. இந்தா, சாத்தியாச்சு.

— ஐப்பசியில போனான். ஒம்பது பேரு போனாவ. போற வழியில தோணி கவுந்துட்டு. அந்தப் பக்கமாப் போன கப்பல்காரன் எட்டுப் பேரத் தூக்கிட்டான். தண்டல் கடைசியாத்தான் குதிக்கணும்னு இவன் நின்னிருக்கான்.

— உடல்?

— கிடைக்கல. ஏழு மாசமாகுது. ஒரு செருப்புக் கூடக் கிடைக்கல… இதுல மட்டும் எனக்கு ஒண்ணும் கூட்டிச் சொல்லத் தெரியல டீச்சர்.

— தண்ணி குடிங்க.

— வேண்டாம்.

— அப்ப அந்த மெசேஜ் எல்லாம்?

— போறப்ப அவன் பெரிய போன பீரோவுல வச்சுட்டுப் போனான். 'கடல்ல டவர் கிடையாது, உப்புத் தண்ணி பட்டா கெட்டுரும்'னு ஒரு பட்டன் போன எடுத்துக்கிட்டான். சேதி வந்த அன்னைக்கிப் பிள்ளகிட்ட, அப்பா தோணியில இருக்காருன்னு சொல்லி வச்சோம். இசபெல்லும் 'கொஞ்ச நாளைக்கி அப்பிடியே இருக்கட்டும் மாமா'ன்னா. தெருவுல ஒவ்வொரு வீடாப் போயி, பிள்ள காதுல போட்டுராதியன்னு கால்ல விழாத குறை. பத்து நாளு கழிச்சுப் பிள்ள கேட்டா, 'அப்பா ஏன் பேசல?' எனக்கும் ஜாக்சனுக்கும் ஒரே குரலு. அவன் வாசல்ல நின்னு கூப்பிட்டா, குசினியில சோறு பொங்கிக்கிட்டு நிக்கிற அவன் அம்மை, நாந்தான்னு நினைச்சு வைவா. அந்த மகராசி இருந்த காலத்துல.

— அதனால ஜாக்சன் போன்லயிருந்து வீட்டுப் போனுக்கு நீங்க பேசி அனுப்புனீங்க.

— குளிக்கிற அறைக்குள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு, குழாயத் தொறந்து விடுவேன். கடல் சத்தம் வேணும்லா? தூத்துக்குடிக்கே தண்ணிப் பஞ்சம் வந்தா அதுக்கு நாந்தான் காரணம்னு நோட்டீஸ் ஒட்டலாம்.

— எத்தனை அனுப்பியிருப்பீங்க?

— முதல்ல வாரத்துக்கு ஒண்ணு. பொறவு ஒரு நாளைக்கி ஒண்ணு. இப்பம் நாலு, அஞ்சு. கதை சொல்லத் தொடங்குனா என்னால நிறுத்த முடியல. பேசுத நேரம் அவன் உசுரோட இருக்கான். குழாய மூடுனா…

— ம்.

— மூடுனா இல்ல.

— ஆனி எப்பிடிக் கேப்பா?

— அதச் சொல்லணும் உங்ககிட்ட. வீட்டுல எம்புட்டு எடம் இருக்கு! எம் பக்கத்துல வந்து ஒட்டி உக்காந்துதான் கேப்பா. காதுல மாட்டுறது வாங்கிக் குடுத்தேன், மாட்ட மாட்டேன்னுட்டா. சத்தமா வச்சு, எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கேப்பா. நான் சிரிச்சா அவளும் சிரிப்பா. முடிஞ்சதும் 'இன்னொரு தடவ போடட்டுமா தாத்தா'ம்பா. அம்புட்டு ஆசை அவ அப்பன் மேல.

— நான் ஒரு மடச்சி.

— நீங்களா? ஏன்?

— எந்த நிமிசமும் அப்பா குரல் வரும்னு இருக்குற பிள்ள எப்பிடிப் போனக் கீழ வைக்கும்? டப்பாங்குறேன், பூட்டுங்குறேன், மணல்கடிகாரம் வச்சு நேரம் பாருங்கன்னு சொல்றேன். நான் அவகிட்டயிருந்து போனையா வாங்குனேன்? அவ அப்பாவப் பிடுங்கிக்கிட்டு இருந்திருக்கேன்.

— அதனாலதான் ஏணி வாங்கப் போனேன்.

— இப்பவாவது சொன்னீங்களே.

— சொல்ல வேண்டிய நேரம் வந்துட்டு டீச்சர். தோணியெல்லாம் திரும்புது. மழைக்காத்து தொடங்குமுன்ன கடல்ல கிடக்குற அம்புட்டுத் தோணியும் கரைக்கு வந்துரும், வருசா வருசம். நேத்தே மூணு வந்துட்டு. பிள்ள கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு பழைய துறைமுகம் பக்கமே வராம, ரயில்வே ஸ்டேசன் வழியாச் சுத்திக் கூட்டிட்டு வாரேன். ஆட்டோக்காரன் 'பெருசு, மெட்ராஸ் வழியாப் போவமா'ன்னு கேக்கான். திங்கக்கிழமைக்குள்ள மிச்சத் தோணியும் வந்துரும். ஒவ்வொரு வீட்டு அப்பனும் பொட்டலத்தோட தெருவுக்குள்ள நுழைவான். எம் பிள்ள வாசல்ல வந்து நிப்பா. அப்பம் நான் என்ன கதை சொல்ல? திமிங்கலம் உங்கப்பன விருந்துக்கு இருக்கச் சொல்லிட்டுதுன்னா?

— இன்னைக்கிச் சொல்லிருவோம்.

— நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவிய. உங்க நாசரேத்து ஊர்க்காரவியளுக்குப் பக்குவமாப் பேச வரும்.

— நான் சொன்னா ஆஸ்பத்திரியில நர்சு சொன்ன மாதிரி இருக்கும். அவளுக்கு வேண்டியவங்க சொல்லணும். இசபெல்லாவ அரைநாள் லீவு போட்டு வரச் சொல்றேன். அவங்களும் நீங்களுமாச் சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.

— என்னன்னு சொல்ல? எனக்கு வார்த்தை வராது. பொய்யின்னா மூட்டை மூட்டையா வரும்.

— சின்னதாச் சொல்லுங்க. 'அப்பா செத்துப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க.' அவ்வளவுதான். 'தூரமாப் போயிட்டாங்க, தூங்குறாங்க' அதெல்லாம் வேண்டாம். பிள்ளைங்க அதப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கும்.

— அழுவாளே.

— அழட்டும். கையில களிமண்ணக் குடுப்போம், மடியில கனமான மணல்பைய வைப்போம். கைக்கு வேலையும் உடம்புக்குக் கனமும் இருந்தா, பிள்ளை கொஞ்சம் நிதானத்துக்கு வரும். நீங்களும் அழுதா தப்பில்ல.

— போன என்ன செய்ய?

— பிடுங்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை சாயந்தரம்னு ஒரு நேரம் வைங்க. மூணு பேரும் உக்காந்து, ஜாக்சன் நிசமாப் பேசுனது, எடுத்த படம், எது இருக்கோ அதப் பாருங்க. முடிஞ்சதும் மூணு பேருமா எந்திரிச்சுக் கடற்கரைக்கு நடங்க. அவளுக்கு அப்பா நினைப்பும் வேணும், போனக் கீழ வைக்கவும் தெரியணும்.

— நிசமாப் பேசுனது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு டீச்சர். பதினோரு செகண்டு. 'ஏம்ப்பா, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. அரை லிட்டர் போதும்.' அதுல பாதி நேரம் யோசிக்கான்.

— இப்பத்தான என் வாய்தான் அவனுக்கும்னு சொன்னீங்க?

— பொய். அவன் வாயில்லாத பிள்ள. நான் பேசுன பேச்சுல அவனுக்குப் பேச எடமே இருக்கல போலுக்கு. ஒரு வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவான், அதுல ரெண்டு 'சரிப்பா'.

— கோயில்ல பூசை வச்சீங்களா?

— சாமியார் வீட்டுக்கே வந்து கேட்டாரு. வெறும் பெட்டிய நடுவுல வச்சு எம் பிள்ளைக்குப் பூசையா? அவரு அங்கிய அடையாளம் தெரியாம ஆக்கியிருப்பேன், இசபெல்லு குறுக்க வந்துட்டா. அன்னையிலேருந்து கோயில் பக்கமே நான் போகல. அவ ரெண்டு தடவ கேட்டா, 'வைப்போமே மாமா'ன்னு. மூணாந்தடவ கேக்கல. பாவம், அவளும் எம்புட்டுத்தான் எங்கூட மல்லுக்கட்டுவா.

— போயி முகத்தக் கழுவிட்டு வாங்க. இப்பிடியே அவ முன்னாடி உக்காராதீங்க.

— லேஞ்சி எங்க வச்சேன்… இந்தா, சட்டைப் பையிலயே இருக்கு. துடைக்க ஒரு முழத்துணி, அழுதது ஒரு கடல்.

— இசபெல்லா வர்ற வரைக்கும் பிள்ள எங்கிட்ட இருக்கட்டும். திரும்பி வருவீங்கள்ல?

— வருவேன். ஓடிப் போகணும்னாலும் முட்டு வலி விடாது.

— முருகேஸ்வரி! ஆனிய இங்க அனுப்பும்மா.

— டீச்சர், டீச்சர்! ஊஞ்சல்ல நாப்பது ஆட்டம். அக்கா எண்ணுனாங்க.

— நாப்பதா, நாலா?

— நாப்பது. நிசமா நாப்பது டீச்சர்.

— வா ஆனி, இப்பிடிப் பக்கத்துல உக்காரு. இந்தா மண்தொட்டி. கைய விட்டுக்கோ.

— தாத்தா எங்க டீச்சர்?

— முகம் கழுவப் போயிருக்காங்க.

— குழாயத் தொறந்து விட்டுட்டாங்களா?

— ஆமா, சத்தம் கேக்குதே. ஏன்?

— அப்பம் போனத் தாங்க டீச்சர். தாத்தா மஞ்சப் பையில இருக்கும். இப்பம் மெசேஜ் வரும்.

— …ஆனி.

— சீக்கிரம் டீச்சர். உடனே கேக்கணும். நாம கேட்டாத்தான் அனுப்புன போன்ல மைக்கு படம் நீலமாகும். நீலமாகலைன்னா தாத்தா எங்கப்பா போன எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்பாங்க.

— பேசுறது தாத்தான்னு உனக்குத் தெரியுமா கண்ணு?

— ம்ம்.

— எப்ப இருந்து?

— முதல் தடவையே டீச்சர். எங்கப்பா ஏளான்னு கூப்பிட மாட்டாங்க. ஆனின்னுதான் கூப்பிடுவாங்க. அதுவும் மெதுவா.

— அப்பா எங்க இருக்காங்கன்னு…

— செத்துட்டாங்க. அம்மா சொல்லிட்டாங்க. கிறிஸ்மஸுக்கு முந்தி தருவைகுளத்துக்கு மாமா வீட்டுக்குப் போனோம். அங்கன கோயில்ல பூசை வச்சோம். நான் மெழுகுதிரி பிடிச்சேன். மெழுகு கையில ஒழுகுச்சு, நான் கீழ போடல. நானும் அம்மாவும் நிறைய அழுதோம். பொறவு பஸ்ல வரும்போது முகத்தத் துடைச்சுட்டு வந்தோம்.

— தாத்தாகிட்ட சொல்லலையா?

— அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. தாத்தா பூசைக்கே வர மாட்டேன்னுட்டாங்கள்ல? அப்பா செத்தத தாத்தா நம்பல, அதனாலதான் அப்பா மாதிரிப் பேசுறாங்கன்னு அம்மா சொன்னாங்க. நம்புற வரைக்கும் நாம சும்மா இருப்போம்னாங்க.

— அதுக்குத்தான் நாள் பூரா போனும் கையுமா இருந்தியா?

— பக்கத்துல போயி சத்தமாப் போட்டா தாத்தா சிரிப்பாங்க டீச்சர். திமிங்கலம் கதைக்கு ரொம்பச் சிரிப்பாங்க. போடலைன்னா சுவத்தப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. ராத்திரியும் தூங்க மாட்டாங்க. நான் ரெண்டு தடவ போட்டா தூங்கிருவாங்க.

— நீ?

— நான் பள்ளிக்கூடத்துல தூங்கிக்கிடுவேன்.

— ஆனிம்மா…

— அழாதீங்க டீச்சர், தாத்தா வந்துருவாங்க. நேத்து எங்க தெருவுக்கு மூணு பேரு தோணியிலேருந்து வந்துட்டாங்க. திங்கக்கிழமை எல்லாரும் வந்துருவாங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்பம் தாத்தா வாசல்ல போயி நிப்பாங்கள்ல? அப்பா வர மாட்டாங்கன்னு தாத்தாகிட்ட யாரு டீச்சர் சொல்றது?